கேளாத காதுக்குக் கட்டின கயிறு

இயேசு மரி சூசை

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் யாக்கோப்பு அவர்களுக்கு,

கனடாக் குளிருக்குள்ளும் நீரும் குடும்பமும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கே நானும் உம்முடைய அக்கா அல்போன்சம்மாவும் இருக்கிறோம். எழுத்து ஏறியும் இறங்கியும் வந்தால் மன்னிக்கவும். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்து ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிறார்கள். அதனால் பெட்டிக்கு விலாசம் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது.

போன் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர். செவிடன் போனில் கதைப்பதை ஊர் கண்டால் என்னவாகும்? ஓம் மச்சான், நான் ஆறு வருசமாகச் செவிடன். உமக்கு மட்டும் சொல்லுறன், என்ரை காது நல்லாக் கேக்கும். காலமை தேத்தண்ணி வாயிலை வைக்க முதலே உம்மடை அக்கா போனைப் பாத்து மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்குவா. பாரிசிலை ஆர், லண்டனிலை ஆர், ஆற்றை மருமகன், எத்தினை மணிக்கு அடக்கம். ஒருநாள் மூண்டு தரம் "என்ன?" எண்டு கேட்டனான். அவ களைச்சுப்போய் விட்டிட்டா. அந்தச் சுகத்தைக் கண்டவன் திரும்பக் காது கேக்க விரும்புவானே? முதலிலை இடது காது, பிறகு வலதும்.

போன வருசம் கண் மங்க, ஒப்பரேசன் செய்யாட்டில் முழுக்கப் போயிடும் எண்டு டொக்டர் சொன்னா. நான் முப்பது வருசம் சங்கு குளிச்சவன், சுறாவை முகத்துக்கு நேரை பாத்தவன். ஆனா திறந்த கண்ணுக்குள்ளை கத்தி எண்டால் நான் ஓடி ஒளிப்பன். அப்ப இந்தச் செவிடுதான் என்னைக் காப்பாத்தினது. ஒப்பரேசனிலை ஆள் முழிப்பாத்தான் கிடக்கவேணுமாம், டொக்டர் "கீழை பாருங்கோ, அசையாதேங்கோ" எண்டு சொல்லுறது கேக்கவேணுமாம். கேளாத மனிசனுக்கு ஒரு வழி யோசிச்சுச் செய்வம் எண்டு தவணை தள்ளிப்போச்சு. நான் பஸ்ஸிலை சிரிக்காமல் வீடு வந்து சேர்ந்தனான்.

கதை கெட்டது படத்தாலை. போன மாதம் கோயில் மண்டபத்திலை வெள்ளைச் சீலை கட்டி ஒரு இந்தியப் படம் போட்டவை. கண்ணும் தெரியாது, காதும் கேளாத ஒரு பெட்டை. அவளுக்குப் படிப்பிக்க ஒரு வாத்தியார் வாறார். அவள் அவற்றை குடையை முறிக்கிறாள், சோத்துக் கோப்பையை எறியிறாள், அவர் அசையேல்லை. ஒவ்வொரு பொருளாக் கையிலை வைச்சு, உள்ளங்கையிலை அதின்ரை பேரை எழுதி எழுதி மனிசியாக்கிறார். மண்டபம் முழுக்க மூக்குச் சீறுற சத்தம். எங்களுக்குப் பின்னாலை பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா இருந்து, "அந்தப் பெட்டை பரவாயில்லையக்கா. என்ரை மனிசனுக்குக் கண்ணும் காதும் இருந்தும் ஒண்டும் விளங்கேல்லை" எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உடனை அதை இருமலா மாத்தினனான். உம்மடை அக்கா முதுகிலை தட்டித் தண்ணி தந்தவ. வழக்கத்திலும் பாக்கக் கொஞ்சம் பலமாத்தான் தட்டினவ.

அடுத்த நாள் காலமை பள்ளிக்கூடம் தொடங்கியிட்டுது. கதிரையிலை இருத்தி, கையை விரிச்சு, சிரட்டையை வைச்சு "சிரட்டை" எண்டு எழுதுறா. எனக்குக் கூச்சம் தாங்கேலாது, சிரிக்கவும் ஏலாது. பிறகு ஆட்டின்ரை காதைப் பிடிச்சுத் தந்து "ஆடு". பிறகு உயிரோடை ஒரு நண்டு. பேர் எழுத முதலே நான் படிச்சிட்டன். "பாவம், கெதியாப் பிடிக்கிறார்" எண்டு செபஸ்தியம்மாவுக்குச் சொல்லுறா. அவளும், "ஓமக்கா, நாளைக்கு மட்டத்தேளொண்டு வைச்சுப் பாருங்கோ" எண்டிறாள். செவிடனுக்கு முன்னாலை ஆக்கள் என்னவெல்லாம் கதைப்பினம் எண்டு நீர் அறியமாட்டீர்.

எழுத்தாலை சரிவராதெண்டு போட்டுப் பிறகு கயிறு வந்தது. உமக்குத் தெரியும், நான் கீழை சங்கு பொறுக்க, நீர் வள்ளத்திலை கயிறு பிடிச்ச காலத்துக் கணக்கு: ஒரு இழுவை எண்டால் சுகம், ரெண்டெண்டால் கயிறு விடு, மூண்டெண்டால் உடனை தூக்கு. (நான் மூண்டு இழுத்த நேரம் நீர் பீடி பத்தவைச்ச கதையை இந்தக் கடிதத்திலை எழுதேல்லை.) அதை உம்மடை அக்கா தன்ரை பாட்டுக்கு மாத்திப்போட்டா. ஒண்டுக்குத் தேத்தண்ணி, ரெண்டுக்குச் சாப்பாடு, மூண்டுக்கு ஓடிவா. நைலோன் கயித்தின்ரை ஒரு முனையை என்ரை இடது கையிலை கட்டி, மற்ற முனையை யன்னலுக்குள்ளாலை கொண்டுபோனவ. கயிறு ஏனெண்டு அண்டைக்குப் பின்னேரம் செபஸ்தியம்மாவுக்குச் சொல்லக் கேட்டனான்.

"டொக்டரிட்டைக் கேட்டனான் செபஸ்தி, ஒப்பரேசன் அறை வாசலிலை நிண்டு கயிறு இழுத்துச் சொல்லட்டோ எண்டு. அந்தப் பிள்ளை சிரிச்சிட்டு, பழக்கிக்கொண்டு வாங்கோ அம்மா எண்டவ. வாற கிழமை கழிஞ்சு வியாழன்."

பழகாமல் விடுவமெண்டால் அவ விடுறா இல்லை. ஒரு நாளைக்கு நாப்பது தரம் இழுக்கிறா. ரெண்டு இழுவைக்குப் போய் மேசையிலை இருந்தால் சாப்பாடில்லை. மூண்டுக்கு ஓடிப்போய் நிண்டால் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறா, திருவலை நிப்பாட்டுறாவும் இல்லை. ஒருக்கா இழுத்த இழுவையிலை கதிரையோடை விழுந்தனான். வயதுக்கு அவவுக்கு நல்ல பலம். ஆனா ஒண்டு சொல்லவேணும். பின்னேரத்திலை கயித்தைப் பிடிச்சுப் பாத்தால் ஈரமாக் கிடக்கும். அந்த முனையிலை இருந்து அழுது, கயித்தாலை கண்ணைத் துடைக்கிறா போலை. கேக்க ஏலுமே, நான் செவிடன்.

ஆகையால் மச்சான், நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கண்டவுடன் உம்முடைய அக்காவுக்குப் போன் எடுத்து, எழுபத்துநாலு வயதில் கண்ணைக் கிண்டவேண்டாம், அங்கே ஒருவருக்குப் பிழைத்துப்போனது என்று ஏதாவது சொல்லும். அவ உம்முடைய சொல்லுக்கு மட்டும்தான் அடங்குவா. காது கேட்கிற விசயத்தை மூச்சு விடவேண்டாம். கடிதத்தை டினேஷிடம் கொடுத்துவிடுகிறேன். கோயில் பெருநாளுக்குக் கனடாவிலிருந்து வந்த உம்முடைய பெறாமகன் சனிக்கிழமை பிளேன் ஏறுகிறான்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உம்முடைய மனைவிக்கு என் மரியாதை. மாதா உங்கள் வீட்டுக் கூரையில் பனி கூடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
கண்ணும் காதுமற்ற அத்தான்
சவிரிமுத்து

பின்குறிப்பு: இது குமிழ்முனைப் பேனை. ஒரு பக்கத்துக்கு முப்பது வரி பிடிக்குது.

டினேஷ் சாட்டிக் கடலிலை நாள் முழுக்கக் குளிச்சுக் காய்ச்சல் வந்து பயணத்தைத் தள்ளிப்போட்டான். கடிதம் அலுமாரிக்குள்ளை கிடக்க, வியாழன் வந்திட்டுது. ஒப்பரேசன் அறைக்குள்ளை கயிறுமில்லை, உம்மடை அக்காவுமில்லை. டொக்டர் மெதுவா, "ஐயா, கீழை பாருங்கோ" எண்டா. பயத்திலை யோசிக்க முதலே பாத்திட்டன். "வெளியிலை நிக்கிற அம்மா சொன்னது சரிதான்" எண்டு தாதியிட்டைச் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினா. நோகேல்லை. கால் மணித்தியாலம்.

கட்டு அவிழ்த்து வீட்டை வந்த உடனை முதல் வேலையாக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு போனனான். யன்னலுக்குள்ளாலை போய், குசினியிலை நிக்காமல், கிணத்தடியும் தாண்டி, முருங்கையிலை முடிஞ்சுது. அங்கை ஆடு. கழுத்திலை என்ரை கயிறு, வாயிலையும் கொஞ்சம்.

"இஞ்சை, உந்த முனையிலை ஆடெல்லே நிக்குது" எண்டன்.

"காது கேக்கிற மனிசனுக்கு நாள் முழுக்கக் கயிறு பிடிக்க எனக்கென்ன விசரே?"

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"செபஸ்தியின்ரை பகிடிக்கு இருமினீங்களே, அண்டைக்குத் தொடக்கம். கண் முழுக்கப் போகட்டும் எண்டு விடச் சொல்லுறீங்களோ? வாங்கோ, கதிரையிலை இருங்கோ."

போன் எடுக்கவேண்டாம் மச்சான். மற்றக் கண்ணுக்கு நானே தவணை கேட்டிட்டன். ஆடு உம்மை விட நல்லாக் கயிறு பிடிச்சது எண்டதை மட்டும் குறிச்சு வையும். இப்ப நிப்பாட்டிறன், அவ கூப்பிடுறா. ஆறு வருசத்து மரண அறிவித்தல் முழுக்க எனக்கெண்டு சேத்து வைச்சிருக்கிறா, காலமை தொடக்கம் வாசிக்கிறா. இன்னும் முதலாம் வருசத்து மார்கழி முடியேல்லை.