ஆவாரம்பட்டைக்கு ஒரு நாக்கு

பெண்டாட்டி பயணம் கேட்காமல் இருக்க ஒரே வழி, அவளை ஒரு தடவை பயணம் அழைத்துப் போய்விடுவதுதான் என்று ரத்தினசாமி தீர்மானித்தார். முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது பிறந்த தீர்மானம். அந்தச் சந்தோஷத்தில் மீசையின் இடது பக்கம் கொஞ்சம் போய்விட்டது. பெரிய காரியங்களில் சேதம் இல்லாமல் இருக்குமா என்று வலது பக்கத்தையும் எடுத்துச் சரிக்கட்டினார்.

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் மண்டியில் அவருக்கு உத்தியோகம். தோல் பதமாவதற்கு ஆவாரம்பட்டை வேண்டும். நல்ல பட்டை கிடைப்பது வடக்கே, மழை வழிதவறி வந்தால்தான் உண்டு என்கிற கடப்பைச் சீமையில். ஆகவே வருஷத்துக்கு நாலு தடவை, சாயபுவின் பழைய மோட்டாரில் கூடாரத் துணியும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு ரத்தினசாமி கிளம்பிவிடுவார். பொட்டல்காடுகளில் கூடாரம் அடித்துத் தங்கி, ஊர் ஊராகப் பட்டையை வாயில் போட்டு மென்று பார்ப்பார். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தால் நல்ல பட்டை. உடனே பேசி முடித்து, மாட்டுவண்டியில் ரயிலடிக்கு அனுப்பிவிடுவார்.

இந்தப் பயணங்களைப் பற்றி வீட்டில் அவர் சொல்லிவைத்திருந்த கதை வேறு. குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒதுங்க நிழல் கிடையாது. கல்லைப் புரட்டினால் தேள், புரட்டாவிட்டால் பாம்பு. ராத்திரி சிறுத்தை வந்து கூடாரத் துணியை மோந்து பார்த்துவிட்டு, "ரத்தினசாமியா, தூங்கட்டும்" என்று போய்விடும்.

நிஜத்தில் அங்கே அவர் வெயில் கழுத்துக்கு வரும்வரை தூங்கினார். மதனப்பள்ளியில் ஆட்டுக்கறி தின்றார். எல்லாவற்றுக்கும் மேல், சுருட்டுப் பிடித்தார். ஆறு வருஷத்துக்கு முன் மாதா கோயில் பீடத்தின் முன்னால் மனைவி செபஸ்தியம்மாளுக்குச் சத்தியம் செய்து விட்டொழித்த அதே சுருட்டு. வீட்டில் விட்டது உண்மைதான். பலமநேர் தாண்டினால் ஒரு நாளைக்கு எட்டு.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதிலிருந்து செபஸ்தியம்மாள் ஒவ்வொரு தடவையும் "நானும் வர்றேன்" என்று ஆரம்பித்தாள். காரணம் சொல்லிச் சொல்லி ரத்தினசாமியிடம் காரணங்கள் தீர்ந்துவிட்டன. இப்படியே போனால் ஒருநாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். சுருட்டுக்கும் சுதந்திரத்துக்கும் அன்றோடு சமாதிதான். அதற்குள் அவளே, "சாமி, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

"செபஸ்தி, இந்தத் தபா நீயும் வா."

அவள் மாவரைப்பதை நிறுத்திவிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஜுரமா?"

"ஜுரமெல்லாம் இல்ல. ஆசப்பட்டியே."

"மீசை எங்க?"

"அது வேற விசயம். வர்றியா, இல்லியா?"

"சித்திரை வெயிலாச்சே."

"அதான் சீசன்," என்றார் ரத்தினசாமி. வேண்டுமென்றே பொறுக்கி எடுத்த மாதம் அது.

முதல் பொறியைப் பாலாற்றிலேயே வைத்தார். நல்ல ரோட்டை விட்டுவிட்டு வண்டியை ஆற்றுமணலில் குறுக்கே இறக்கினார். அரை மைல் அகலத்துக்கு வெறும் மணல். பத்தே நிமிஷத்தில் சக்கரம் நாலும் அச்சுவரைக்கும் இறங்கிப் போயின.

"பாத்தியா? வெளியூர் வேல இன்னான்னு இப்பத் தெரியுதா? சாயங்காலம்வரைக்கும் இங்கதான் குந்தணும்," என்று சொல்லிவிட்டு, வாடிய முகத்தைப் பார்க்கத் திரும்பினார். சீட் காலியாக இருந்தது.

செபஸ்தியம்மாள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்களிடம் போயிருந்தாள். "யக்கா, ஒரு கை குடுங்க. எங்க வூட்டுக்காரரு வண்டிய நட்டு வச்சிட்டாரு."

அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கரையிலிருந்து பனையோலை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார்கள். ரத்தினசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தள்ளியவர்கள் எட்டுப் பேரும் பெண்கள். அக்கரை ஏறியதும் செபஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஒவ்வொரு தபாவும் இங்கதான் சிக்குமா?"

"ஆமா."

"அப்ப ஏன் ஒவ்வொரு தபாவும் இங்கியே எறக்குறீங்க?"

ரத்தினசாமி ஹாரனை அடித்தார். எதிரில் யாரும் இல்லை.

ராயச்சோட்டிக்கு அப்பால் இரண்டாவது பொறி. மரம் மட்டை இல்லாத ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் கூடாரம் அடித்தார். காற்று அதைக் காத்திருந்ததுபோல் வாங்கிக்கொண்டது. கூடாரம் ஒரு தடவை உப்பி, முளைகளைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு கள்ளிப் புதர்மேல் போய் உட்கார்ந்தது. துணியில் பதினேழு ஓட்டை.

"எனக்கு இது பளகிப்போச்சு. பாவம், நீதான் பேஜாராயிட்ட," என்றார்.

"பளகிப்போனவரு பாறைக்குப் பின்னால இல்ல அடிப்பாரு? இந்தாங்க, அந்த முளைய எடுத்தாங்க."

அவளே காற்று மறைவாக இடம் பார்த்தாள். முளைக்குப் பதில் பாறாங்கல்லை வைத்துக் கயிற்றைக் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் கூடாரம் நின்றது. உள்ளே விளக்கு, வெளியே அடுப்பு, அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. ஓட்டை பதினேழையும் மறுநாள் மோட்டார் ஓடும்போதே தைத்து முடித்தாள். பாட்டு வேறு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் பாடி ரத்தினசாமி கேட்டதில்லை. ஒரு மேட்டில் கியர் மாற்ற மறந்து வண்டி நின்றுபோயிற்று.

மிச்சமிருந்தது கண்டிக்கோட்டா. பென்னாறு அங்கே மலையை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் செக்கச்சிவந்த பாறை அடுக்கடுக்காக நிற்கும். நடுவில் அதல பாதாளம். முதல் தடவை வந்தபோது ரத்தினசாமி நாலு கால்களில்தான் விளிம்புவரை போனார். அவருக்கே அந்தக் கதி என்றால் இவள் மயங்கி விழுவது நிச்சயம். தண்ணீர்ச் செம்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, "வா, வந்து பாரு," என்றார்.

செபஸ்தியம்மாள் நேராக விளிம்புக்குப் போனாள். உட்கார்ந்தாள். காலைத் தொங்கப் போட்டாள். கீழே பருந்துகள் முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தன.

"செபஸ்தி, பயமா இருந்தா இப்பவே திரும்பிடலாம்."

"இதையா எட்டு வருசமா நீங்க மட்டும் பாத்துக்கினு இருந்தீங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள். ரத்தினசாமி செம்புத் தண்ணீரைத் தாமே குடித்தார்.

மறுநாள் காலை, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு பாறைக்குப் பின்னால் போய், இரண்டு சுருட்டை அவசர அவசரமாக முடித்தார். வாயைக் கொப்பளித்துக் கொத்துமல்லி விதை மென்றார். பிறகு இருவருமாகப் பள்ளத்தாக்கின் ஓரத்திலிருந்த பட்டைக் கிடங்குக்குப் போனார்கள். நாகம்மா என்கிற கைம்பெண்ணுடையது. சுற்றுவட்டாரத்தில் பெண்கள் வெட்டிக் காயவைக்கிற பட்டை முழுவதும் அவளிடம் வந்து சேரும்.

ரத்தினசாமி குவியலைச் சுற்றி வந்தார். ஒரு துண்டை எடுத்தார். கண்ணை மூடி மென்றார். மெல்லும்போது தலை ஆடியது. இந்த ஆட்டத்துக்கு எட்டு வருஷ அனுபவம்.

"ஏ ஒன்," என்றார்.

செபஸ்தியம்மாளும் ஒரு துண்டை வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றாள். த்தூ என்று துப்பினாள்.

"இன்னாங்க இது? துவர்ப்பே இல்லியே. ஐப்பசி மழையில நனைஞ்சு ஊறிக் காஞ்ச பட்டைங்க."

"உனக்கு இன்னா தெரியும்? இதுக்கெல்லாம் ஒரு நாக்கு வேணும்."

"அதான் இல்லியே."

செபஸ்தியம்மாள் பிறந்தது பலமநேர் பக்கம்; சின்ன வயதில் பட்டை வெட்டிக் காயவைத்தவள். நாகம்மாவிடம் தெலுங்கில் ஆரம்பித்தாள். ரத்தினசாமிக்குத் தெரிந்த தெலுங்கு சாப்பாட்டோடு சரி. இரண்டு பேரும் முதலில் சண்டை போட்டார்கள். பிறகு பேசினார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

"இன்னா சொல்றா?"

"நீங்க வர்றதுக்காகவே நனைஞ்ச பட்டைய ஒதுக்கி வப்பாளாம். நீங்க சுருட்டு நெடியோட வந்து, ஆடு மாதிரி மென்னுட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்களாம். நல்ல பட்டையெல்லாம் உள்கொட்டாயில இருக்குதாம்."

பள்ளத்தாக்கு காலடியில் இருந்தும் ரத்தினசாமிக்குக் குதிக்க இடம் தெரியவில்லை.

"சுருட்டுன்னு... அவ வேற யாரையோ சொல்றா."

"கொத்துமல்லிய மென்னா போயிடுமா நெடி? முதல் நாளே தெரியுங்க. பொட்டிக்கடியில பாத்தேன். சத்தியம் பண்ணது நீங்க. சாமிகிட்ட நீங்களே பேசிக்குங்க. ஆனா சாயபுக்குப் பட்டைய இப்படி வாங்கினா, சாமி காப்பாத்த மாட்டாரு."

அது உண்மை. தொட்டியில் சாறு இறங்கவில்லை, தோல் மொடமொடக்கிறது என்று சாயபு ஏற்கெனவே இரண்டு தடவை முறைத்திருந்தார். உள்கொட்டாய்ப் பட்டையை முழுக்கச் செபஸ்தியம்மாள்தான் மென்று பார்த்து எடுத்தாள்.

திரும்பி வந்து மூன்றாம் வாரம் சாயபு கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அரே ரத்தினசாமி! தொட்டி கம்முனு மணக்குதுப்பா. தோல் பட்டு மாதிரி இருக்கு. எப்டி புடிச்ச இந்தப் பட்டைய?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு வந்துவிட்டது.

"எல்லாம் நாக்குதாங்க, சாயபு."

"அப்படியா? ரொம்ப சரி." சாயபு ஒரு தட்டை நகர்த்தினார். அதில் இரண்டு துண்டுப் பட்டை. "இதுல எதுக்குத் துவர்ப்பு ஜாஸ்தி, எதுக்குக் கம்மி? பாத்துச் சொல்லு."

ரத்தினசாமி ஒன்றை மென்றார். கண்ணை மூடினார். மற்றதை மென்றார். தலையை ஆட்டினார்.

"இது கடப்பைங்க. முதல் தரம். அது ராயச்சோட்டி. கொஞ்சம் கம்மிதான். மண்ணு வேற இல்லீங்களா?"

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே குச்சிப்பா. உன் சம்சாரம் எங்க வூட்டுக்கு வந்து, எங்க வூட்டம்மா அஜீஸுன்னிசா எதிரிலேயே ரெண்டா ஒடிச்சுக் குடுத்தாங்க. 'பட்டை பாத்தது என் சம்சாரம்னு அவரா சொல்லிட்டா இதைக் காட்டாதீங்க'ன்னும் சொன்னாங்க. நீ சொல்லல."

முறை வரும்வரை காத்திராமல் அடுத்த வியாழக்கிழமையே வண்டி கிளம்புகிறது, இனி பட்டை பார்ப்பது அம்மாள் என்று சாயபு சொல்லிவிட்டார். பத்தியம் இருக்கிறவர் முகத்தோடு ரத்தினசாமி வீட்டுக்கு வந்தார். செபஸ்தியம்மாள் கூடாரத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அதே பாட்டு. அதைக் கேட்டதும், இவள் தம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் தமக்குக் கவலையாக இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாகத் தெரிந்தது. அந்த விளிம்பில் இவளோடு இன்னொரு தடவை உட்கார வேண்டும்போல் இருந்தது.

"செபஸ்தி, உனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாதே," என்றார் நம்பிக்கையோடு.

"தெரியாது. அதனால நீங்களும் வரணும்."

ரத்தினசாமிக்கு உயிர் வந்தது. "பின்ன? நான் இல்லாம எப்படி?"

"ரெண்டு மாசத்துல நான் ஓட்டக் கத்துக்கணும்னு சாயபு உத்தரவு."

"யாரு கத்துக்குடுக்கறது?"

"நீங்கதான்."