எந்திரிச்சுட்டேன்

“எந்திரிச்சுட்டேன்!” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மனைவி நம்பவில்லை. கல்யாணமான புதிதில் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம். தூக்கத்திலேயே தெளிவாகப் பதில் சொல்கிற ரகம் இவர் என்று பிறகுதான் தெரிந்தது.

“வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து லேட்டா வந்தா கடைப்பக்கமே தலைகாட்டாதேன்னு முதலாளி சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“என்ன சொன்னாரு?”

“எந்திரிச்சுட்டேன்.”

மெத்தைக் கடையில் விற்பனையாளர் வேலை. மெத்தை என்னவோ நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் முதலாளி இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய மச்சான் வேறு வேலையில்லாமல் வந்து கடையில் உட்கார்ந்துவிட்டான். ‘மாமா, நான் விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடுவேன்’ என்று நேரம் பார்த்து வேப்பிலை அடிக்கிறான்.

வேலை போனால் மாமனார் வீட்டில் போய் நிற்க வேண்டியதுதான். மாமனாரோ கோழிக்கு முன்னால் எழுந்து கோழியை எழுப்புகிறவர். அதை நினைத்ததும் நம் ஆள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

மனைவி கைபேசியைத் துழாவினாள். “காலையில சுலபமா எந்திரிக்க சின்னச் சின்னப் பழக்கமெல்லாம் போட்டிருக்காங்க. அலாரத்தைத் தூரமா வைக்கணுமாம்.”

அலாரம் சமையலறைப் பரணுக்குப் போனது. மறுநாள் அது அலறியது. மனைவி எழுந்தாள், மகள் எழுந்தாள், மாடி வீட்டு அம்மாள் எழுந்து இறங்கி வந்து கதவை இடித்தார். எழ வேண்டியவர் மட்டும் குப்புறப் புரண்டார். முக்காலி போட்டு ஏறி அதை நிறுத்துவதற்குள் மனைவிக்கு முழங்காலில் நல்ல அடி.

“கண்ணைத் திறந்ததும் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணுமாம்” என்றாள் அடுத்த நாள், நொண்டிக்கொண்டே.

நம் ஆள் கண்ணைத் திறக்காமலே டம்ளரைத் தேடினார். தண்ணீர் முழுக்கப் படுக்கையில். சரி, ஈரத்திலாவது எழுவாரென்று பார்த்தால், மகளுடைய கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

“பிடிச்ச பாட்டு போட்டா சந்தோஷமா எந்திரிப்பாங்களாம்ப்பா” என்று மகள் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டை மெல்ல ஓட விட்டாள். அது பாட்டா, தாலாட்டா, கடவுளுக்கே வெளிச்சம். அப்பா இன்னும் ஆழமாகப் போனார். மகளும் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போய்விட்டது.

“ஒருத்தரை எழுப்பச் சொன்னா ரெண்டு பேரா படுத்திருக்கீங்களே! என்னால முடியலடா சாமி!” மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பழக்கத்தைப் படித்தாள். “மனசுக்கு நெருக்கமானவங்ககூட ரெண்டு வார்த்தை பேசணுமாம்.” கொஞ்சம் யோசித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பில்லை.

திங்கட்கிழமை விடியலில் நம் ஆளின் காதில் கைபேசி வைக்கப்பட்டது.

“மாப்ளே!”

மாமனார்.

“எந்திரிச்சுட்டேன் மாமா!”

“படுத்துக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?”

மனிதர் நின்றேவிட்டார். மாமனார் வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி ஆரம்பித்து, மூச்சுப் பயிற்சி வழியாக, தன் இளமைக்கால ஓட்டப்பந்தயத்துக்கு வந்து சேர்ந்தபோது, இவர் குளித்துச் சட்டை மாட்டி, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஒரு சொட்டுத் தூக்கம் மிச்சமில்லை.

கடைக் கதவு திறக்கும்முன் வாசலில் இவர். மச்சான் முகம் சுண்டிப்போனது. முதலாளி இவரைத் தொட்டுப் பார்த்தார்.

அன்றைக்கு நம் ஆள் சுழன்றார், போங்கள். வாடிக்கையாளர் உள்ளே கால் வைக்குமுன் எதிரே போய் நின்றார். மெத்தையைப் பளார் பளாரென்று தட்டினார். பஞ்சு, ஸ்பிரிங், ரப்பர் என்று மூச்சுவிடாமல் பொழிந்தார். வந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

“யோசிச்சுட்டு வர்றோம்” என்றது ஒரு ஜோடி.

“சும்மா பார்க்கத்தான் வந்தோம்” என்றது ஒரு குடும்பம்.

மதியம் வரை ஒரு தலையணை உறைகூட விற்கவில்லை. “சீக்கிரம் வந்து கிழிச்சது இதுதானாய்யா?” என்று முதலாளி சீறினார். மச்சான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். நம் ஆள் தட்டிய மெத்தையையே மறுபடி தட்டினார். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித்தான் எழுவது?

அப்போது ஓர் அம்மாள் கணவரோடு உள்ளே வந்தார். நம் ஆள் பாய்ந்து போய், “வாங்கம்மா வாங்க! எந்த சைஸ்?” என்றார்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

“இவர் வேணாங்க. இங்க ஒருத்தர் மெத்தையைக் காட்டும்போதே நின்னுக்கிட்டே தூங்குவாராமே, அதைப் பார்த்துத்தான் எங்க தெருவுல அத்தனை பேரும் வாங்கினாங்க. அவர் வந்தா சொல்லி அனுப்புங்க, அப்புறமா வர்றோம்.”