கேஷ் அண்ணனும் பெருந்துறை மாப்பிள்ளையும்

செய்த வேலையையே இரண்டாம் தடவை செய்வதைக் கேஷ் அண்ணன் அளவுக்கு வெறுத்த மனிதரைக் கோயமுத்தூர் அவருக்கு முன்பும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

திங்கட்கிழமை டிபன் கடைக்குப் போனால் வாரம் முழுவதற்கும் சேர்த்து ஆர்டர் சொல்லிவிடுவார். அன்றே எங்கள் எல்லோரையும் நலம் விசாரித்துவிடுவார். செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு போய் நின்றால், “நேத்துத்தானுங்க நல்லா இருக்கறேன்னீங்க?” என்று சந்தேகமாகப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், கல்யாண வரன் பார்க்கும் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தோம். வரன்களின் விவரங்களைச் சேர்ப்பது நான். புரோகிராம் எழுதுவது அவர். யாராவது ஒரு பெண்ணின் பக்கத்தைத் திறந்தால், கம்ப்யூட்டர் விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடுக்கிக் காட்டும். டயல்-அப் காலம். பக்கம் வந்து சேர்வதற்குள் பெண்ணுக்கு ஒரு வயது கூடிவிடும்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை அடுக்கிய பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து, அடுத்து வருகிறவர்களுக்கும் அதையே காட்டும்படி செய்தார். அதற்குப் பெயர் ‘கேஷ்’ என்றார். அன்றிலிருந்து அவருக்கும் அதுவே பெயர். கேஷியர் என்று நினைத்து அவரிடம் பணத்தை நீட்டியவர்களும் உண்டு.

தளம் பறந்தது. அதே வேகத்தில், எங்கள் தளத்தில் ஒரு பெண்ணின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம், சொல்லாமல் போனால்தான் வீட்டு லட்சணம் தெரியும் என்று, பூ பழத்தோடு பெருந்துறைக்குப் பெண் பார்க்கப் போய் இறங்கியது. அங்கே பெண் தன் புருஷனுக்கு விருந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நிச்சயமானதுமே அவள் பெயரைத் தளத்திலிருந்து நான் எடுத்துவிட்டிருந்தேன். கேஷில் இருந்த பழைய பக்கத்துக்கு அந்தச் சேதி போகவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

“ஏனுங்க, எம்புள்ளைக்குக் கண்ணாலமே முடிஞ்சுபோச்சுங்க. இன்னும் மாப்ள தேடறாப்புல போட்டு வெச்சிருக்கறீங்களே, நாயமுங்களா?” கோபத்திலும் ‘ங்க’ குறையவில்லை. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டார். “எம்புள்ளதான் போட்டுச்சுன்னு மாப்ள பொட்டியக் கட்டிப்போட்டாருங்க” என்று பெரியவர் என் காதோரம் சொன்னார்.

அண்ணன் சட்டென்று எழுந்தார். மாப்பிள்ளையைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். எங்கள் தளத்தில் அண்ணனும் ஒரு வரன்தான். தன் பக்கத்தைத் திறந்து காட்டினார். பிறகு தன் பெயரை அடியோடு அழித்தார். மறுபடி திறந்தார். திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

“பாருங்க, என்னைய நானே அழிச்சுப்போட்டேன். இன்னும் இளிச்சுட்டு நிக்கறேன். அம்மணி மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் எம்மேலதானுங்க.”

மாப்பிள்ளை தானும் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் மீசை. இன்னொரு தடவை அழுத்தினார். மீசை! அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “ஊட்டுக்கு ஒரு போன் போடோணுங்க” என்றார். அண்ணன் ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம்.

அன்று மதியமே அண்ணன் எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். “ராசி, நட்சத்திரப் பட்டியலு, ஊர்ப் பேரு, முகப்புப் படம், இதெல்லாம் சட்டுனு மாறாதுங்க. எடுத்து வெச்சுக்கலாம். கண்ணாலம் ஆச்சா இல்லையான்னு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் புதுசாப் பார்த்துத்தானுங்க சொல்லோணும்” என்றார். ஒருவருடைய விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அவருடைய பழைய பக்கம் உடனே குப்பைக்குப் போகும்படியும் செய்தார்.

அடுத்த நாள், வெள்ளகோவில் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். “வாங்கிக் கட்டிக்கறதுக்கு ரெண்டு பேரு எதுக்குங்க? நீங்க இருங்க” என்றார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து அவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.