தையல்காரர் வீட்டில் ஒளித்த நாற்காலி

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் செருப்புக்கடை விற்பனையாளருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. பின்னே? விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை ஊரார் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், அது இடுப்பா இரும்பா? "இது கடிக்குது, அது கழலுது" என்று கடையையே மாட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்கள்தான் பாதிப் பேர். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால், கூடமெங்கும் புது விரிப்பு, புது விளக்கு, புதுத் திரைச்சீலை!

"இதெல்லாம் எதுக்கு?"

"பண்டிகைக்கு."

"பழைய திரைச்சீலைக்கு என்ன கேடு?"

"கிழிஞ்சு போச்சு. சபையில ஏழைங்களுக்குன்னு பெட்டி வச்சிருக்காங்கல்ல, அதுல போட்டுடலாம்."

வந்ததே கோபம்! அவருக்கு உபதேசியார் என்று மனைவி சும்மாவா பட்டம் வைத்தாள்? நின்ற இடத்திலேயே பிரசங்கம் தொடங்கிவிட்டது.

"ஆண்டவர் பிறந்தது மாட்டுக்கொட்டில்ல. அங்க திரைச்சீலையா தொங்குச்சு? வேண்டாத கந்தலைத் தள்ளிவிடுறதுக்குப் பேரு இரக்கமா? கொடுத்தா புதுசைக் கொடுக்கணும். நாம ஆசை ஆசையா வாங்கினதைக் கொடுக்கணும்!"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். புதுத் திரைச்சீலையை மடித்துப் பையில் வைத்தாள்.

உபதேசியாருக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. அன்று மத்தியானம்தான் அவரே பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கியிருந்தார். சாய்ந்தால் கால் தானாக மேலே வரும். கடையில் சும்மா சாய்ந்து பார்த்தபோதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சொன்னால் வீடு ரெண்டாகும். அதனால் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் ஒளித்து வைத்திருந்தார். பண்டிகையன்று, முதலாளி கொடுத்த வெகுமதி என்று சொல்லி இறக்கிவிடலாம் என்று திட்டம்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், வாசலில் நாற்காலி நிற்கிறது. மேலே ரிப்பன் வேறு.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். நம்ம கோயில் பெருக்குற அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சுல்ல, தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலையாம். ஒரு கை பிடிங்க."

"இது... இது எப்படி... தையல்காரன் சொல்லிட்டானா?"

"அவர் வாயே திறக்கல, பாவம். பண்டிகை வாரத்துல தையல்காரர் வீட்டு வாசலை மிதிக்காத பொம்பளை இந்தத் தெருவுல உண்டா? ஒளிக்க வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? அளவு கொடுக்கப் போனவ எல்லாரும் சாய்ஞ்சு பார்த்தாச்சு. நான்தான் கடைசி. ஒட்டியிருந்த ரசீதுல உங்க பேரு இருந்துச்சு."

"அடியே, என் இடுப்பு..."

"எனக்கும் மனசு கேக்கலைங்க. உங்களுக்கே இருக்கட்டும்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் நேத்து நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஆசை ஆசையா வாங்கினதைக் கொடுக்கணும். என்ன மனசுங்க உங்களுக்கு! போதகர்கிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில உங்க பேரை வாசிப்பாங்களாம்."

ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் மாடிப்படியில் ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் இடுப்பு ஒரு தடவை கத்தியது.

சின்ன அறை. சன்னலில் அந்தப் புதுத் திரைச்சீலை தொங்கியது. அந்த அம்மா பயந்து பயந்து நாற்காலியில் சாய்ந்தாள். கால் தானாக மேலே வந்தது. "ஆண்டவரே!" என்று வாய்விட்டு அழுதாள். போகட்டும், யாருக்காவது வலி தீர்ந்தால் சரி என்று உபதேசியாருக்கு நிஜமாகவே தோன்றியது.

"நிக்கிறீங்களே தம்பி, உட்காருங்க."

அறையில் வேறு நாற்காலி கிடையாது. தரையில் உட்கார்ந்தார். அப்பாடா என்று இருந்தது. புறப்படலாம் என்று எழுந்தால், இடுப்பு எழவில்லை.

மனைவி குனிந்து கையை நீட்டினாள்.

"மெதுவா எழுந்திருங்க. அடுத்த வருஷம் நாற்காலி வேணுங்கிறவங்க பட்டியல்ல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லி போதகர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."