உணர்ச்சியைத் தூண்டிய வரவேற்புரை

ஆங்கிலமே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கையில்தான் மைக்கைக் கொடுக்கக் கூடாது. இரண்டாயிரங்களின் நடுவில், முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் என் கையில் கொடுத்தார்கள்.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கமிருந்து திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் மகள் நான்தான் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் என் ஆங்கிலத்தைத் திருத்த வீட்டில் ஆள் கிடையாது. (கல்லூரியிலும் யாரும் மெனக்கெடவில்லை.) மெர்ச்சண்டைசர் என்ற பெயரில், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடிப்பது என் வேலை.

அந்த வருடம் ஹாலந்துக்குப் போன டீ-ஷர்ட்டுகளில் சாயம் இறங்கி, வெள்ளைக் கோடெல்லாம் ரோஸாகிவிட்டது. பையர் கோபமாக மனைவியோடு நேரிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கைவிட்டால் பாதி மிஷின்களுக்கு வேலை இருக்காது.

முதலாளி சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் கண்ணு, வெறும் குட்மார்னிங் சொன்னாப் பத்தாதுங்க. அந்த மனுசன் மனசு எளகோணும். நாமெல்லாம் எப்படி உருகிப் போயி நிக்கறோம்னு அவுருக்குத் தெரியோணும். இங்கிலீசுல அதுக்கொரு வார்த்தை இருக்குமல்லோ?"

"இருக்குங்க சார்" என்றேன். இல்லையென்று சொல்லும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

'டச்' என்பது ஐந்தாம் வகுப்புச் சொல். 'மூவ்' என்றால் லாரி நகர்வதுபோல் இருந்தது. அகராதியைப் புரட்டியதில் 'அரௌஸ்' அகப்பட்டது. உணர்ச்சியைத் தூண்டு, கிளர்ச்சியூட்டு. கம்பீரமான சொல். முதலாளிக்கும் சொல்லிக் கொடுத்தேன். வாயில் போட்டு மென்று பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்றார்.

அந்த நாளும் வந்தது. செக்கிங் டேபிள்களை ஒதுக்கி, தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பையர் தம்பதிக்கு இளநீர் கொடுத்தோம். நான் மைக்கைப் பிடித்தேன்.

"சார், யுவர் விசிட் அரௌஸஸ் அஸ்."

பையர் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"மை எம்.டி. ஈஸ் அரௌஸ்ட். ஆல் டெய்லர்ஸ் ஆர் அரௌஸ்ட்."

முதலாளி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். "மீ ஆல்சோ சார். வெரி வெரி அரௌஸ்ட்."

பையரின் மனைவி நிதானமான பெண்மணி. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துவிட்டு, எல்லோருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் மேடம்" என்றேன் பெருமையாக. "நைட் ஷிஃப்ட் ஆல்சோ."

பையருக்குப் புரையேறியது. அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு, உங்களையும் அரௌஸ் செய்வதே எங்கள் லட்சியம் என்ற கடைசி வரிக்கு வாயைத் திறந்தேன். மைக் செத்துவிட்டது. குவாலிட்டி பார்க்கும் செல்வராஜ், ஒயரைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார்.

"எதுக்குங்க புடுங்குனீங்க?" என்று பிற்பாடு சண்டைக்குப் போனேன்.

அவர் துணி ரோல்களைப் பார்த்துப் பேசினார். "அந்த வார்த்தைக்குப் பொறகால ஆள வெக்கக் கூடாதுங்க. சந்தேகம், பரிதாபம், ஆர்வம்... இப்படி எதாச்சும் வெக்கோணும்."

"ஆள வச்சா?"

அவர் காது சிவந்தது. "அது கல்யாணம் ஆனவிய சமாச்சாரமுங்க."

புரிந்ததும், தொழிலாளர்கள், முதலாளி, நைட் ஷிஃப்ட் என்று ஒவ்வொருவராக என் கண்முன் வந்து போனார்கள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வேலை போனது நிச்சயம் என்று நினைத்தேன்.

போகவில்லை. அடுத்த வாரம் பையரிடமிருந்து மெயில் வந்தது. புது சாம்பிள் அனுப்பும்படியும், தங்களுக்காக யாரும் உணர்ச்சிவசப்பட வேண்டாம், துணியை இரண்டு முறை துவைத்துப் பார்த்தாலே போதும் என்றும் எழுதியிருந்தார். ஆர்டர் பிழைத்தது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. "அது இப்பப் பேச்சுல இல்லாத வார்த்தை சார், விட்டுருவோம்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்குங் கண்ணு உடோணும்? அந்த வார்த்தையிலதான ஆர்டரே நின்னுச்சு" என்றார்.

இரண்டு வருடம் கழித்து செல்வராஜையே கட்டிக்கொண்டேன். அவ்வளவு வெட்கத்தோடு இலக்கணம் சொல்லித்தந்தவரை நம்பலாம் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முதலாளி வந்தார், மேடையேறினார், மைக்கை வாங்கினார். எங்களை ஆசீர்வதித்து, கண்கலங்கி, அந்த வார்த்தையைத் தன் மொத்தக் குடும்பத்தின் சார்பிலும் சொன்னார்.

கல்யாண வீடியோவில் அந்த இடம் வந்தால் இன்றும் நாங்கள் இருவரும் ரிமோட்டைத் தேடுவோம். போன தீபாவளிக்குக் கல்லூரியிலிருந்து வந்த மகள் எங்களுக்கு முன்னால் அதை எடுத்துவிட்டாள். முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, அந்த மைக்க மட்டும் ஏன் புடுங்காம உட்டீங்க?"

"மாலையும் கழுத்துமா நின்னுட்டு இருந்தேன் கண்ணு" என்றார் அவர்.