ஏழாம் கேள்விக்கு எட்டாம் பதில்

பெருமதிப்பிற்குரிய 'கேளுங்கள், ஓட்டுங்கள்' பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நீண்ட நாள் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும், முக்கியமாக உங்கள் பத்திரிகையில் பக்கம் கட்டுகிற அந்த முகம் தெரியாத அன்பரும், எந்தக் குறையும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். அந்த அன்பரை எதற்காகத் தனியாக வாழ்த்துகிறேன் என்பது போகப் போகத் தெரியும். அதற்குள் அவரைக் கூப்பிட்டுத் திட்டிவிடாதீர்கள்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. 'கவலையுள்ள வாசகர்' என்ற பெயரில் ஏழாம் கேள்வி கேட்டவன் நான்தான். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். காகிதத்தில் என்ன உத்தரவு வந்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்து முடித்துவிட்டுக் கோப்பை மூடுவது என் பழக்கம். இந்தப் பழக்கத்தால் எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது, இந்தக் கதையும் கிடைத்தது.

எங்கள் வண்டி ஒரு பழைய எஸ்யுவி. மூன்று பிள்ளைகளும் அவர்களுடைய சண்டைகளும் சேர்ந்து ஏற வேண்டும் என்று வாங்கியது. நடு சீட்டில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று மூன்று பேருக்கும் அடிதடி நடக்கும் என்பதால், என் மனைவி அந்த சீட்டின் நட்டநடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்து வருவாள். பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். சுவர் மட்டும் அதே இடத்தில் இருந்தது. நான் முன்னால் ஓட்டுவேன், எனக்குப் பக்கத்து சீட்டில் என் ஆபீஸ் பை உட்கார்ந்து வரும், அவள் பின்னால் நடுவில் உட்கார்ந்து வருவாள். முன்னால் வா என்று நான் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை. அப்படியே பழகிவிட்டது.

இவ்வளவு பெரிய வண்டி இரண்டு பேருக்கு எதற்கு, விற்றுத் தொலையுங்கள் என்று பிள்ளைகள் போனில் பிடுங்கி எடுத்தார்கள். செடி விற்கிற நர்சரிக்காரர் ஒருவர் வந்தார், சுற்றிப் பார்த்தார், பிடித்துப்போய்விட்டது. தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவிதான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் அவளே, நடு சீட்டில் உட்கார்ந்தால் என்னமோ கத்துகிறது என்றாள். உண்மைதான், 'கீச்' என்று ஒரு சத்தம். அவள் அசைந்தால் கீச், இருமினால் கீச், கோபித்துக்கொண்டால் தொடர்ந்து கீச். நர்சரிக்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சேசிஸ், அதாவது அடிச்சட்டம், எங்கோ விட்டுப்போயிருக்கிறது, சத்தம் நின்ற பிறகு சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். எங்கள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து எல்லா மூட்டுக்கும் கிரீஸ் வைத்தார். சத்தம் அசையவில்லை. சீட்டைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். உறை கிழிந்துவிடும், வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் பதில் அச்சில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கேள்விக்கு நேர் கீழே இப்படி இருந்தது: 'அன்புள்ள வாசகரே, உங்கள் ஆசை நியாயமானது. முதலில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி வண்டியை உயர்த்துங்கள். பாறையில் இடிபடாமல் இருக்க அடியில் இரும்புத் தகடு போடுங்கள். சேற்றில் பிடிக்கிற பெரிய டயர், சிக்கினால் இழுக்க முன் பம்பரில் வின்ச், தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட மேலே ஒரு காற்றுக்குழாய், இவையெல்லாம் அவசியம். கடைசியாக ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொல்ல ஒருவர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.'

எனக்கு இருந்தது கவலை, ஆசை அல்ல. அந்த முதல் வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களின் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எட்டாம் கேள்வியையும் அதன் பதிலையும் ஒரு கண் பார்த்திருந்தாலும் விஷயம் புரிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது அநாகரிகம் என்பது என் கொள்கை. என் மனைவிதான் கேட்டாள், "சத்தம் சீட்டுலதானே வருது, வண்டிய எதுக்குத் தூக்கணும்?" முதுகு வலிக்கு டாக்டர் காலைத் தட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி என்று விளக்கினேன். அவள் பத்திரிகையை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு, "போட்டிருந்தா செஞ்சுடுங்க. நிறைய நாள் ஆகுமோ?" என்றாள். ஆகும் என்றேன். "ஆகட்டும், அவசரமில்லை," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மெக்கானிக்குக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. வருஷக்கணக்காக ஆயில் மாற்றி ஆயில் மாற்றி அலுத்துப்போனவர், பதிலைக் கிழித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தார். வண்டி உயர்ந்தது. உயர்ந்த வண்டியில் என் மனைவியால் ஏற முடியவில்லை. சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து, துணிக்கொடியில் மிஞ்சிய பச்சைக் கயிற்றை அதில் கட்டி, முக்காலி மேல் கால் வைத்து ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்து முக்காலியை மடியில் வைத்துக்கொள்வாள். அவள் போடுகிற முடிச்சு ஒரு தனி ரகம், இரட்டைச் சுருக்குப் போட்டு வாலை உள்ளே செருகிவிடுவாள், எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது வராது, அவிழ்க்கவும் வராது. மேலே காற்றுக்குழாயும் ஏறியதும் வண்டி எங்கள் ஷெட்டுக்குள் நுழைய மறுத்தது. நாலு டயரிலும் காற்றை இறக்கித்தான் உள்ளே விட முடிந்தது. தினமும் சாயங்காலம் காற்றை இறக்குவதும் காலையில் பம்பு வைத்து ஏற்றுவதும் எனக்கு உத்தியோகமாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் காற்றுக்குழாயைப் பார்த்துவிட்டு, சார், வண்டிக்குள்ளேயே சமைக்கிறீர்களா என்று விசாரித்தார். வின்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொக்கியை எங்கள் இரும்பு கேட்டில் மாட்டி பட்டனை அழுத்தினேன். வண்டி அசையவில்லை, கேட் கழன்று என்னிடம் வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டுக்குக் கேட் இல்லை, வண்டியே குறுக்கே நிற்கிறது.

இத்தனையும் முடிந்து, பட்டறை வாசலிலேயே அவளை ஏற்றி உட்காரச் சொன்னேன். கீச். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டறைச் சுவரில் இருந்த பதிலை மறுபடி படித்தபோதுதான் கடைசி வரி பாக்கி இருப்பது தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொல்ல ஒருவர் வேண்டும். முன் சீட்டிலிருந்து என் பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, முன்னால் வந்து உட்கார வேண்டுமாம், போட்டிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் உடனே இறங்கவில்லை.

"பத்திரிகைல போட்டாத்தான் முன்னாடி கூப்பிடுவீங்களா?" என்றாள்.

பை இருந்த இடத்தைத் தட்டித் துடைத்துவைத்தேன். அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து ஏறி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. பள்ளத்தில் இறக்கினேன், மேட்டில் ஏற்றினேன், மூச்சுகூட வரவில்லை. ஐயா, அந்த நிமிஷம் உங்களை நான் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

செலவு செய்தாயிற்று, விற்பதற்கு முன் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிடலாம் என்று, அதே பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் 'இந்த வாரப் பாதை' என்று போட்டிருந்த மலைக்குக் கிளம்பினோம். தார் ரோடு முடிந்து, மண் பாதை முடிந்து, கடைசியில் வெறும் கல்லும் சேறும்தான் மிஞ்சியது. உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கல் வருகிறது, ஒடியுங்கள், குழி, குழி, அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே, பெரியவன் எந்த வளைவில் வாந்தி எடுப்பான், சின்னவள் தூங்கினால் எப்படி உதைப்பாள் என்று நான் கேள்வியே படாத கதையெல்லாம் வந்தது. எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தவை. நான் ஓட்டிய வண்டியில் ஒரு குடும்பமே நடந்திருக்கிறது, எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோடுதான்.

பாதி ஏற்றத்தில் ஒரு வெள்ளை வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், முழங்கால் வரை சேறோடு, நல்ல சலவைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பல் டாக்டராம். கேட்டைப் பிடுங்கிய அனுபவம் கைகொடுத்தது, வின்ச் கொக்கியை மாட்டி அவருடைய வண்டியைப் பல் பிடுங்குகிற மாதிரி வெளியே எடுத்தேன். இவ்வளவு சாதாரண வண்டியோடு எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பத்திரிகைய நம்பி வந்தேங்க," என்றார். "மலையேற வண்டில என்னென்ன மாத்தணும்னு கேட்டிருந்தேன், எட்டாவது கேள்வி. வீண் செலவு செய்யாதீங்க, சீட்டைத் தூக்கி அடியில என்ன சிக்கியிருக்குன்னு பாருங்கன்னு பதில் வந்துச்சு. பார்த்தேன், ஒரு பேனா இருந்துச்சு. எடுத்து வச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவருக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு. அப்படியானால் சீட்டை இப்போதே தூக்கிப் பார்த்துவிடலாமே என்று திரும்பினேன். "அதான் சத்தம் நின்னுடுச்சே, இப்ப எதுக்கு? இருட்டுறதுக்குள்ள மேல போகலாம்," என்றாள் என் மனைவி. அதுவும் சரிதான் என்று பட்டது. டாக்டருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எங்கள் டயர் தடத்திலேயே பின்னால் வரச் சொல்லி, மேலே போய்ச் சேர்ந்தோம். உச்சியிலிருந்து பார்த்தால் நாங்கள் வந்த பாதை ஒரு நூல் மாதிரி தெரிந்தது. டாக்டரின் கோபமும் அங்கே இறங்கிவிட்டது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, பிள்ளைகள் இல்லாமல் நாம் இரண்டு பேரும் வந்த முதல் இடம் இதுதான் என்றாள். யோசித்துப் பார்த்தேன். அதுதான் உண்மை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இது புகார்க் கடிதம் அல்ல. சரியான பதில் எனக்கு வந்திருந்தால் சீட்டைத் தூக்கியிருப்பேன், சத்தத்தை நிறுத்தியிருப்பேன், மறுநாளே வண்டியை விற்றிருப்பேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமலே என் காலம் முடிந்திருக்கும். சத்தம் நின்ற செய்தி கேட்டு நர்சரிக்காரர் நாளைக் காலையில் வருகிறார். சத்தம் நின்றால் தருகிறேன் என்று சொன்ன வாக்கு, மீற முடியாது. அவள் சாயங்காலம் முழுக்கச் சக்கரத்தில் இருந்த மலைச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போகட்டும், ஒரு தடவையாவது போய்வந்தோம். அதற்காக உங்களுக்கும் பக்கம் கட்டிய அன்பருக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் பத்திரிகை ஓங்கட்டும், வாசகர்கள் பெருகட்டும், அந்த அன்பருக்குக் கேட்ட நாளில் விடுமுறை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத ஏழாம் கேள்விக்காரன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் நர்சரிக்காரர் வந்தார். வின்சைத் தடவிப் பார்த்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், ரொம்ப சந்தோஷம். பிறகு ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தார். கீச்.

அவர் முகம் சுருங்கிப்போய் இறங்கி, யாருக்கோ போன் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். அந்த நேரத்தில் எட்டாம் பதில் ஞாபகம் வந்து நான் சீட்டைத் தூக்கினேன். பேரன் போன தடவை வந்தபோது விட்டுப்போன, எங்கள் குளியலறை ஜன்னலில் இருந்த, அமுக்கினால் கத்துகிற ரப்பர் வாத்து. சீட்டு ஸ்பிரிங்குக்கு அடியில், உட்கார்ந்தால் சரியாக வயிறு அமுங்குகிற இடத்தில் இருந்தது. தானாக விழுந்த வாத்து அல்ல. பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தது. இரட்டைச் சுருக்கு, வால் உள்ளே செருகியிருந்தது.

சீட்டைப் பழையபடி இறக்கிவிட்டு நர்சரிக்காரரிடம் போய், "சரி பண்ண முடியலைங்க, பத்திரிகை ஆசிரியரே கைய விரிச்சுட்டார்," என்றேன். சத்தம் நின்றால் தருகிறேன் என்றுதான் வாக்கு, சத்தம் நிற்கவில்லை, அவரும் அதை ஒப்புக்கொண்டு போய்விட்டார். உள்ளே வந்தபோது என் மனைவி, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். வேண்டாமாம் என்றேன். "பாவம், நல்ல மனுஷன்," என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டாள்.

ஆகவே திருத்தம் எதுவும் பிரசுரிக்க வேண்டாம். மலையேறிய குலுக்கலில் கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தது. எனக்கு அவள் மாதிரி போட வராது. இருந்தாலும், அவளுடைய முடிச்சுக்குப் பக்கத்தில் என் முடிச்சு ஒன்றையும் போட்டுவைத்திருக்கிறேன்.