சாய்ந்த பாறைக்கு நான் போய் வந்த விவரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதிக்கொள்வது. இங்கே நான், வீடு, கீழே பட்டறை எல்லாம் சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பது மரியாதை, கேட்டாயிற்று. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிக்கா, சரிக்கா, அடுப்புல வச்சிருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதோடு உன் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு இங்கே வரைக்கும் கேட்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு "யாரு பாத்தா?" என்று நீ கேட்கக் கூடாது. நான் இருந்தேன். பட்டறையை இப்போது நடத்துகிற என் பேரன் இருந்தான். அவனுடைய சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிற டீச்சர் இருந்தாள். எருமை மாதிரி ஒரு வண்டி வைத்திருக்கிறாள், அவளே ஓட்டுகிறாள். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற கொசு இருந்தான். ஆள் விளக்குக் கம்பம் மாதிரி இருப்பான், அவன் வண்டி போடுகிற சத்தத்துக்காகத்தான் அந்தப் பெயர். பேரன் வண்டியின் பின் சீட்டில் நான். கொசுவின் பின் சீட்டில் பைகள். டீச்சரின் பின் சீட்டில் யாரும் இல்லை. அது யாருக்கு வைத்திருந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முறையாகக் கூப்பிட்டோமா இல்லையா? பேரனே பேசினான். "சின்னப் பாட்டி, ஞாயித்துக்கிழமை சாஞ்ச பாறைக்குப் போறோம், வழியில ரெண்டு கோயில், நானே வந்து உங்களக் கூட்டிட்டு வர்றேன்" என்றான். நீ இடுப்பைச் சொன்னாய். சரி, இடுப்பு இருக்கிறவர்கள் சொல்வதுதான். நான் போனைப் பிடுங்கி, "அடியே, சாஞ்ச பாறைடி" என்றேன். அதற்கு நீ சொன்னாயே, "நீங்க போயிட்டு வாங்கக்கா." கடைக்குத் தக்காளி வாங்கக் கிளம்புகிறவளிடம் சொல்வதுபோல. போகிறேனா இல்லையா பார் என்றுதான் கிளம்பினேன். சாமி கும்பிட ஆசைப்பட்டுப் போகிறவர்கள் உண்டு, ஊர் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நான் உன்மேல் இருந்த ஆத்திரத்தில் போனேன்.

உனக்கு மறந்து போயிருக்கும், மறதி உனக்கு ஒரு வசதி. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. கீழே நம் வீட்டுக்காரர்கள் அண்ணனும் தம்பியுமாக வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே சமையலறை ஜன்னலில் நீயும் நானும் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு நிற்போம். அந்தப் பாறைக்குப் போகிறவன் எவனாக இருந்தாலும் நம் பட்டறையில் செயினை இறுக்கிக்கொண்டுதான் போவான், திரும்பும்போது பஞ்சரோடுதான் வருவான். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கிற நேரத்தில் கதை சொல்லுவான். "ரெண்டு பாறைண்ணே, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. நடுவுல குனிஞ்சு நுழைஞ்சா அந்தப் பக்கம் வெறும் வானம்தான்ணே." நமக்கு அடுப்பில் இருப்பது அடிப்பிடிக்கும். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தது யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அங்கே தொடங்கியதுதான் நம் வழக்கு. சின்னப் பாறைதான் பெரியதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் வந்து, பெரியதுதான் சின்னதன்மேல் சாய்ந்திருக்கிறது, சின்னதுதான் தாங்குகிறது என்றான். அவ்வளவுதான், நான் ஒரு கட்சி, நீ ஒரு கட்சி. உப்புக் கூடிப் போனாலும், துணி காயாவிட்டாலும், தண்ணீர்க்குழாயை யார் திறந்து விட்டது என்றாலும் சண்டை கடைசியில் அந்தப் பாறையில் வந்துதான் நிற்கும். "நீங்கதான்க்கா என் மேல சாஞ்சிருக்கீங்க" என்று நீ வாய் கூசாமல் சொன்னது, நான் உன் பிரசவத்துக்கு வெந்நீர் வைத்த கையோடு நின்றபோது. பாறையைத்தான் சொன்னேன் என்று அப்புறம் சமாளித்தாய்.

ஒரே ஒரு தடவை நம்மையும் கூட்டிப் போகிறேன் என்று கிளப்பினார்களே, அது? நல்ல சேலை, தலைவாரி, பவுடர் போட்டு ஆளுக்கொரு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாயிற்று. வாசல் தாண்டவில்லை. கிளட்ச் வயர் அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் உள்ளே வந்தான். "இது ஒண்ணை முடிச்சிடறேன்" என்று என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார், பின்னாலேயே உன் வீட்டுக்காரர். நாம் இறங்கவில்லை. நகராத வண்டிமேல் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "அக்கா, இப்ப எந்த ஊரு தாண்டறோம்?" என்று நீ கேட்டாய். நான் ஒரு ஊர் சொன்னேன். அப்புறம் நீ ஒரு ஊர் சொன்னாய். சாயங்காலம் வரைக்கும் சிரித்துச் சிரித்து, இறங்கும்போது எனக்குக் கால் மரத்துப் போய் நீதான் பிடித்து இறக்கினாய். நான் எத்தனையோ பயணம் போயிருக்கிறேன், சின்னவளே. அவ்வளவு தூரம் எதிலும் போனதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிளம்பும்போதே வம்பு. ஹெல்மெட் என் கொண்டைமேல் உட்கார மாட்டேன் என்றது. "கொண்டைய அவுத்துடுங்க பாட்டி" என்கிறான் கொசு. நடுத்தெருவில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போக நான் என்ன சாமியாடியா? கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிப் போட்டு, அவனே ரெண்டு கையாலும் அமுக்கி மாட்டினான். அப்புறம் ஒருத்தர் பேசுவதும் காதில் விழவில்லை, அதனால் நான் சத்தம் போட்டுப் பேசினேன், அதனால் பேரன் பயந்து பயந்து பிரேக் போட்டான், போடும்போதெல்லாம் என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் போய் இடித்தது.

கொஞ்ச தூரத்திலேயே கடகடவென்று ஒரு சத்தம். பட்டறைக்கு மேலேயே காலம் தள்ளினவளுக்குத் தெரியாதா? "டேய், செயின் லூசுடா!" என்று அவன் முதுகில் குத்தினேன். நிறுத்தினான், பார்த்தான், இறுக்கினான். கிளம்பினால் மறுபடி கடகட. மறுபடி நிறுத்தினான். "பாட்டி, செயினு கம்பி மாதிரி நிக்குது" என்றான். "உன் தாத்தா இருந்திருந்தா சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருப்பாரு" என்றேன், அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. கடைசியில் டீச்சர் வந்து என் மடியில் இருந்த பையைத் தூக்கி ஆட்டினாள். கடகடவென்றது. உள்ளே பிஸ்கட் டப்பா. நீ மகள் வீட்டோடு போகும்போது மூடி சரியாக இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மூடி லூசான டப்பாவை எனக்கு விட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். நல்ல இடுக்கியையும் நீதான் எடுத்துப் போனாய், அதை இன்னொரு நாள் பேசுகிறேன்.

முதல் கோயில் ஒரு மலையடிவாரத்தில். டீச்சர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருந்தாள், அதற்கு ஏணிப்படி மாதிரி லேஸ். கோயிலுக்கு வருகிறவள் போடுகிற செருப்பா அது? குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். கொசு ஒரு காலைப் பிடித்து இழுத்தான், பேரன் இன்னொரு காலை. ரெண்டும் கழன்று நாங்கள் படியேறிப் போவதற்கும் பூசாரி மத்தியானத்துக்கு நடையைச் சாத்துவதற்கும் சரியாக இருந்தது. சாத்தின கதவைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். திரும்ப அதைக் கட்ட ஒரு யுகம் ஆகும் என்று டீச்சர் என் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள், "நீங்க சும்மா உக்கார்ந்துதானே பாட்டி வர்றீங்க" என்று அவள் பூட்ஸை என் காலில் மாட்டிவிட்டாள். சேலைக்குக் கீழே பூட்ஸோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த என்னைப் பார்த்து டீக்கடைக்காரன் கிளாஸைக் கழுவாமல் நின்றுவிட்டான். "பாட்டி எந்த கிளப்பு?" என்று கேட்டான். "ஓரகத்தி கிளப்பு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ரெண்டாவது கோயில் குகைக்குள். பாறைக்குள்ளே குளிர்ச்சியாக, ஒரே ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் கூரையெல்லாம் தண்ணீர் கசிந்து மின்னியது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இங்க பாருடி, நட்சத்திரம் மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் முழங்கையால் இடித்தேன். அங்கே நின்றது கொசு. "யாரைப் பாட்டி டி போட்டுக் கூப்புடறீங்க?" என்றான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். விளக்கில் புகை இல்லை. சாமியிடம் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, உன்னைப் பற்றிப் புகார்தான் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும் வரைக்கும் சொன்னேன்.

கடைசியாகப் பாறை. வண்டி போகாத இடம், கல்லும் முள்ளுமாக ஏற்றம். மூச்சு வாங்கினாலும் ஏறினேன். அது என்ன பாறை என்கிறாய், ஒவ்வொன்றும் நம் வீடு உயரம். நடுவில் குனிந்து நுழைந்தால் அந்தப் பக்கம் வானம்தான், சொன்னதெல்லாம் உண்மை. இப்போது தீர்ப்பைக் கேட்டுக்கொள். சின்னதுதான் பெரியதன்மேல் சாய்ந்திருக்கிறது. பச்சைக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். பெரியது யார் தயவும் இல்லாமல் தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கிறது. சின்னதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகவே நம் வழக்கு முடிந்தது, நீ தோற்றாய். நீ சிரமப்பட்டு இனி அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எனக்கும் வயதாகிறது, மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். கொண்டையை நசுக்கிய கொசுவை மன்னித்துவிட்டேன். டீச்சரை மன்னித்துவிட்டேன், அவள் பூட்ஸ் நல்ல கதகதப்பு. அந்தக் கிளட்ச் வயர்க்காரனை, அவன் எங்கே இருந்தாலும், மன்னித்துவிட்டேன். காரைக் கொண்டுவந்து நிறுத்தி உன்னை ஏற்றிக்கொண்டு போன உன் மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போன உன்னையும் மன்னித்துவிட்டேன். இனி உன்னை எங்கும் கூப்பிட்டுத் தொந்தரவு தர மாட்டேன். ஜன்னல் இப்போது முழுக்க எனக்குத்தான், ரெண்டு முழங்கையையும் தாராளமாக ஊன்றிக்கொள்கிறேன். உன் மகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பெரியவள்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நான் பாறைக்கு ஏறவில்லை. பாறையைப் பற்றி மேலே எழுதினதெல்லாம் கொசு இறங்கி வந்து சொன்னது. அந்த ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். பேரன் கெஞ்சினான், தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். முட்டி வலி என்றேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் வந்து, பெரியதுதான் சின்னதன்மேல் சாய்ந்திருக்கிறது, கோணம் அப்படி என்று உன் கட்சி பேசினாள். போட்டோ எடுத்து வந்து மூக்குக்கு நேராக நீட்டினார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. பார்த்துவிட்டால் வழக்கு தீர்ந்து போகும், அப்புறம் நான் யாரோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது? மழை முடிந்ததும் மறுபடி போகிறார்கள். உன் இடுப்புக்காகப் பேரன் டீச்சர் வண்டியின் பின் சீட்டில் சாய்மானம் வைத்து வெல்டிங் பண்ணி, மெத்தை தைத்துவிட்டான். என்னை உட்கார வைத்துச் சோதித்தான், எனக்கு முதுகில் இடிக்கிறது. உன் அளவுக்குத்தான் வைத்திருக்கிறான், அளவு சொன்னது நான். எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, மற்றவர்களைப் பொறுத்தவரை அது அப்படியே இருக்கட்டும். நீ வந்து அந்தச் சீட்டில் ஏறி உட்காருகிற வரைக்கும் நான் மன்னிக்கப் போவதில்லை, உன்னை மட்டும், சின்னவளே.